எல்லாவற்றையும் ஒரேயடியாக உறங்க வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் கணினிப் பகுதியில் அண்மையில் வந்த ஒரு குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். மின்தடை நேரத்தில் மடிக்கணினியின் பற்றரி கூடுதல் நேரம் நிற்க வேண்டுமானால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் 'பவர்ரொப்' என்ற மென்பொருளைப் போட்டு, அதன் 'ஓட்டோ ரியூன்' கட்டளையைக் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஓடவிடுங்கள் என்று அதில் இருந்தது. பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக் கட்டளை, செருகியிருக்கும் யு.எஸ்.பி. கருவிகள் அத்தனையையும் நல்லது கெட்டது பாராமல் உறங்க அனுமதித்துவிடும். அதன் பிறகு வரும் கரைச்சல்களை நான் நாளாந்தம் பார்க்கிறேன்.

கொக்குவிலில் ரைப்பிங், ஸ்கானிங், போட்டோக்கொப்பி செய்யும் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்துக் கணினிகளைப் பார்ப்பதும் நான்தான். அங்கே இருப்பவை பெரும்பாலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய பழைய மடிக்கணினிகள். 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான ஆதரவு நின்றுபோக, விண்டோஸ் 11 ஏறாத இயந்திரங்களில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எங்களைப் போல இன்னும் எத்தனையோ வாசிகசாலைகளும் பாடசாலைகளும் செய்திருக்கின்றன. ஆகவே உங்கள் குறிப்பு கன பேருடைய மேசைக்குப் போயிருக்கும்.

பழைய இயந்திரம் என்றால் பற்றரியும் பழையதுதான். திருத்த வேலைக்காக மின் தடைப்படும் இடங்களின் பட்டியல் உங்கள் பத்திரிகையிலேயே வருகிறது. அதில் எங்கள் ஊரின் பெயர் இருக்கிற நாளில் காலை தொடங்கிப் பின்னேரம் வரை கரண்ட் இருக்காது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியதையும் ஒருவரும் மறக்கவில்லை. 90களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு வாற் மின்சாரத்தின் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்த விடயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நிலையத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். கோயில் மலருக்காகப் பழைய கையெழுத்துக் குறிப்புகளைப் பார்த்துப் 'பாமினி' என்ற தமிழ் எழுத்துருவில் ரைப் செய்கிறார். பாமினி எழுத்து ஒட்டிய யு.எஸ்.பி. கீபோர்ட் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து மடிக்கணினியில் செருகுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, கொம்பு விழுகுதில்லை. விரலிலை பெலன் குறைஞ்சு போச்சோ தெரியேல்லை" என்றார். திரையைப் பார்த்தால் 'கொடியேற்றம்' என்று வரவேண்டிய இடத்தில் 'காடியேற்றம்' என்று இருந்தது. பாமினியில் கொம்பைத்தானே முதலில் அடிக்கிறோம். அந்த முதல் அடி மட்டும் போய்விட்டது. பிறகு அடித்த ககரமும் அரவும் ஒழுங்காக விழுந்திருந்தன. வேறு இடங்களில் சொல்லின் முதலெழுத்தே காணாமல் போயிருந்தது. அவர் புதிய கீபோர்ட்டும் வாங்கிப் பார்த்துவிட்டார். அதிலும் இதே கதை.

அவருடைய விரலில் ஒரு பிழையும் இல்லை. நிலையத்துக்கு உதவ வந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த மடிக்கணினியில் 'ஓட்டோ ரியூன்' போட்டிருந்தார். குறிப்பைப் படிக்க ஐயா சில விநாடி நிறுத்துவார்; அந்த இடைவெளியில் கீபோர்ட் உறங்கிவிடும். திரும்ப அடிக்கும் முதல் விசை அதை எழுப்புவதிலேயே செலவாகிவிடும். எழுப்பிய விசையை விழித்த பிறகு ஒழுங்காக அறிவிக்கும் கீபோர்ட்டுகளும் இருக்கின்றன, அறிவிக்காதவையும் இருக்கின்றன. மவுஸும் இப்படித்தான். அடியில் எரியும் சிவப்பு வெளிச்சம் அணைந்துவிட்டால், சிலது அசைத்தாலும் எழும்பாது, அழுத்தினால்தான் எழும்பும்.

இதில் என்னைக் கன நாள் யோசிக்க வைத்தது, பிழை சில நாட்களில் வராமல் இருந்ததுதான். காரணம் லினக்ஸின் 'கேர்னல்' என்ற மையப் பகுதிக்குள், கீபோர்ட் மவுஸ் வகையறாவைக் கவனிக்கும் 'டிரைவர்' என்ற துணை மென்பொருளில் இருக்கிறது. கீபோர்ட்டில் நம்லொக், கப்ஸ்லொக் போன்ற ஒரு விளக்காவது எரிந்துகொண்டிருந்தால் அந்த டிரைவர் அதை உறங்க விடாது. உறங்கும் கருவி விளக்கு எரிக்க முடியாது அல்லவா? திகதிகளும் நன்கொடைக் கணக்குகளும் அடிக்கிற நாளில் ஐயா எண் பலகைக்காக நம்லொக்கைப் போட்டுக்கொள்வார். அன்றைக்கு ஓர் எழுத்தும் தவறாது. கட்டுரை அடிக்கிற நாளில் அதை அணைத்து வைப்பார். அன்றைக்குக் கொம்புகள் போகும். இதை அறியாதவர்கள் வயரில் பிழை, போர்ட்டில் பிழை, ஆளில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த உறக்கம் எப்படி நடக்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். யு.எஸ்.பி. விதிப்படி, கணினி ஓர் இணைப்பில் பேச்சை முற்றாக நிறுத்தி 3 மில்லி விநாடி கடந்தால், அந்த முனையில் இருக்கும் கருவி உறக்க நிலைக்குப் போக வேண்டும். யு.எஸ்.பி. 2 போர்ட்டில் விழித்திருக்கும் கருவி 500 மில்லி அம்பியர் வரை எடுக்கலாம்; உறங்கும்போது 2.5 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. 5 வோல்ற்றில் கணக்குப் பார்த்தால் முதலாவது 2.5 வாற், இரண்டாவது 12.5 மில்லி வாற். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது.

பேச்சை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது கேர்னல். ஒவ்வொரு கருவியின் டிரைவரும் தனக்கு வேலை இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று கேர்னலுக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கணக்கு பூச்சியமாகி, பொறுக்க வேண்டிய நேரமும் கடந்தால் கருவி உறங்க வைக்கப்படும். அந்த நேரம் வழமையாக 2 விநாடி. ஆனால் இவ்வளவும் நடப்பதற்கு முதல் ஓர் அனுமதி வேண்டும். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவிக்கும் கேர்னல் ஓர் அடைவு (போல்டர்) வைத்திருக்கிறது. அதனுள் 'பவர்' என்ற பகுதியில் 'கன்ட்ரோல்' என்றொரு கோப்பு. அதில் 'ஓன்' என்று இருந்தால் கருவி எப்போதும் விழித்திருக்கும். 'ஓட்டோ' என்று இருந்தால் வேலை இல்லாதபோது உறங்கலாம்.

ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்புகளைத் தவிர மற்ற யு.எஸ்.பி. கருவிகளைக் கேர்னல் 'ஓன்' என்றே தொடங்குகிறது. இது தற்செயல் அல்ல. உறங்கச் சொன்னால் உறங்கி, எழுப்பினால் எழும்பத் தெரியாத கருவிகள் சந்தையில் ஏராளம். சிலது எழும்பும்போது செருகியதைக் கழற்றி மீண்டும் செருகியதுபோல் தொடக்கத்திலிருந்து வரும். சிலது வரவே வராது. அப்படிப்பட்டவற்றுக்குக் கேர்னலுக்குள்ளேயே ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. லொஜிரெக் நிறுவனத்தின் பழைய வெப்கேம்கள் சிலவும் அதில் உண்டு. அவை எழும்பியதும் கேர்னல் ஒருமுறை மீளமைத்துவிட்டுத்தான் பாவிக்கும். இந்தப் பகுதியின் பெரும்பங்கை எழுதியவரும், அதற்கான விளக்க ஆவணத்தை எழுதியவருமான அலன் ஸ்டேர்ன் இவற்றையெல்லாம் அந்த ஆவணத்தில் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஆங்கிலம் படிக்கக்கூடிய உயர்தர மாணவர்கள் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். கருவியை ஆக்கியவன் விட்ட பிழையைப் பாவிக்கிறவன் தலையில் கட்டாமல், கேர்னலை எழுதுகிறவர்கள் எவ்வளவு கவனமாகச் சுமக்கிறார்கள் என்பது அதில் தெரியும்.

நம்பத்தக்கவற்றை அவர்கள் உறங்க விடாமலும் இல்லை. வெப்கேம் டிரைவர் உறக்கத்துக்கான அனுமதியைத் தானே கொடுத்துவிடுகிறது. உறங்கி எழும்பும் என்று சோதித்துப் பார்த்த கைரேகை வாசிப்பான்கள் முதலியவற்றின் பட்டியல் 'சிஸ்ரெம்டி' என்ற அடிப்படை மென்பொருளோடு வருகிறது. அவையும் தாமாகவே 'ஓட்டோ' ஆகும். ஆக, புதிதாக லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் வில்லங்கம் இல்லாத மிச்சம் பிடிப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் 'ஓட்டோ ரியூன்' போட்டால் கூடுதலாக உறங்குபவை கீபோர்ட், மவுஸ், ஸ்கானர், பிரின்ரர் போன்றவை. உறங்கினால் ஆளுக்குத் தொந்தரவு தருகிறவையும் அவைதான்.

ஸ்கானரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் சோற்றோடு சம்பந்தப்பட்டது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய அடையாள அட்டை என்று வெளிநாட்டுக்கு அனுப்பச் சனம் வரிசையில் நிற்கும். ஸ்கான் மென்பொருள் கருவியைத் திறந்து வைத்திருக்கும் வரை கேர்னல் அதை உறங்க விடாது. ஓர் ஆளின் வேலை முடிந்து அடுத்தவர் வருவதற்குள் மென்பொருளை மூடிவிட்டால்தான் உறக்கம் வரும். திரும்பத் திறக்கும்போது சில ஸ்கானர்களைக் காணவில்லை என்று கணினி சொல்லும். வயரைக் கழற்றிச் செருகினால் வரும். இதைக் கருவியின் பிழை என்று நினைத்து நல்ல ஸ்கானரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும். இன்றைய விலையில் அது சின்னச் செலவா?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. உறக்கத்தால் வரும் மிச்சம் கருவி குடிக்கும் மின்சாரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு ஹப்பில் தொங்கும் கருவிகள் எல்லாம் உறங்கினால்தான் அந்த ஹப் உறங்கும். ஹப்புகள் எல்லாம் உறங்கினால்தான் மேலே இருக்கும் யு.எஸ்.பி. கட்டுப்படுத்தி உறங்கும், அதுவும் உறங்கினால்தான் செயலி முழு ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வழி கிடைக்கும். வீட்டில் ஒரு பிள்ளை முழித்திருந்தால் தாய்க்கு நித்திரை இல்லை என்பது போல. ஒன்றுக்கும் உதவாமல் செருகிக் கிடக்கும் ஒரு சின்னப் பொருள்கூட மேலே உள்ள அத்தனையையும் விழிக்க வைத்திருக்கும். ஆகவே மின்தடை நேரத்தில் முதல் வேலை, பாவிக்காத பென் டிரைவையும் காட் வாசிப்பானையும் கழற்றுவது. அதற்குக் கட்டளை தேவையில்லை.

இன்னொன்றையும் எங்கள் ஊரில் சொல்லியாக வேண்டும். கரண்ட் நின்றதும் சனம் மடிக்கணினியில் யு.எஸ்.பி. விளக்கையும் சின்ன விசிறியையும் செருகுகிறது. அவற்றில் தரவு வயரே இல்லை. கேர்னலுக்கு அவை இருப்பதே தெரியாது. உறக்கம் என்பது போர்ட்டின் 5 வோல்ற் மின்சாரத்தை வெட்டுவதும் அல்ல. கருவி சொல்கேட்டுத் தானே குறைத்துக்கொள்வதுதான். விளக்குக்கும் விசிறிக்கும் அந்தச் சொல் போய்ச் சேராது. 10 வாற்றில் ஓடும் மடிக்கணினியில் 30 வாற் மணி கொண்ட பற்றரி 3 மணித்தியாலம் நிற்கும் என்றால், 2 வாற் விசிறி ஒன்றைச் செருகியதும் அது இரண்டரையாகிவிடும். கீபோர்ட்டை உறங்க வைத்துக் கிடைத்த மிச்சம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திரையின் வெளிச்சத்தை அரைவாசியாக்குவது இவை எல்லாவற்றையும் விடப் பலன் தரும்.

அப்படியென்றால் என்ன செய்வது? 'பவர்ரொப்'பை அளந்து பார்க்கப் பாவியுங்கள். எது மின்சாரம் தின்கிறது என்று காட்டுவதில் அது கெட்டிக்காரி. தானாக மாற்றும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். அதற்கு 'ரி.எல்.பி.' என்ற மென்பொருள் இருக்கிறது. அதுவும் யு.எஸ்.பி. கருவிகளை உறங்க விடும். ஆனால் கீபோர்ட், மவுஸ், ஒலிக் கருவி, பிரின்ரர் ஆகியவற்றை எதுவும் சொல்லாமலே விலக்கி வைக்கும். வேறு கருவி ஏதும் தொந்தரவு தந்தால் அதன் எண்ணை விலக்குப் பட்டியலில் எழுதலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடக்கூடாது. ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும்.

ரி.எல்.பி. வேண்டாம் என்பவர்கள், கருவி வந்து சேரும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் 'யூடெவ்' விதி எழுதலாம். 'எல்எஸ்யுஎஸ்பி' என்று கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று நாலு நாலு குறிகள் தெரியும். அந்த எண்ணோடு ஒரு கருவி வந்து சேரும்போது 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஓன்' அல்லது 'ஓட்டோ' எழுது என்று ஒரு வரி போட்டால் போதும். கருவி உண்மையில் உறங்குகிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. அதே 'பவர்' பகுதியில், செருகியதிலிருந்து கடந்த நேரம், விழித்திருந்த நேரம் என இரண்டு கணக்குகளைக் கேர்னல் மில்லி விநாடியில் எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே ஏறிக்கொண்டு போனால் கருவி கண் மூடவே இல்லை என்று அர்த்தம்.

உங்கள் குறிப்புக்கு நேரெதிரான ஆலோசனை ஒன்றும் பெடியளிடையே உலாவுகிறது. யு.எஸ்.பி. தொந்தரவு தந்தால், கணினி தொடங்கும்போதே உறக்கத்துக்கான நேரத்தை 'சய ஒன்று' (-1) ஆக்கி முழுவதையும் நிறுத்திவிடு என்பது. தொந்தரவு போகும்தான். வெப்கேமும் கைரேகை வாசிப்பானும் ஹப்பும் சேர்ந்து முழித்திருக்கும். பற்றரியும் கெதியாக இறங்கும். ஒரு கீபோர்ட்டுக்காக அத்தனையையும் தண்டிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே தெரிவு கருவி முகாமையாளரில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கிறது. அதையும் கருவிக்குக் கருவி பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மின்தடையோடு வரும் இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனதும் மடிக்கணினியை மூடி முழு இயந்திரத்தையும் உறங்க வைப்பவர்கள், காட் வாசிப்பானில் இருக்கும் கமராக் காட்டை அந்த இடைவெளியில் மாற்றக்கூடாது. உறங்கும்போது யு.எஸ்.பி. மின்சாரம் அற்றுப்போனாலும், எழும்பியதும் அதே வாசிப்பான் நின்றால் அதே காட்தான் என்று கேர்னல் எடுத்துக்கொள்ளும். திறந்திருந்த வேலை பாழாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உள்ளே வேறு காட் இருந்தால், பழைய காட்டின் கணக்கைப் புதிய காட்டில் எழுதி அதிலுள்ள படங்களை நாசமாக்கிவிடும். கலியாண வீட்டுப் படம் எடுக்கிற தம்பிமார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மூடுவதற்கு முன் காட்டை முறையாக வெளியேற்றிக் கழற்றிவிடுங்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'ஓட்டோ ரியூன்' கட்டளையைத் தொடக்கத்தில் ஓடவிடுவதை விட்டுவிட்டு ரி.எல்.பி. அல்லது கருவிக்குக் கருவி விதி பாவிக்கும்படி ஒரு திருத்தம் போடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் அந்தத் தொடக்க வரியை நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை மீள இயக்கினால் எல்லாம் பழையபடி வரும். நிரந்தரமாக எதுவும் கெட்டிருக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கீபோர்ட்டையும் ஸ்கானரையும் கழித்துவிட நினைப்பவர்கள் அதற்கு முன் இதைச் செய்து பார்க்கட்டும்.

பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் கணினி ஒழுங்கு செய்து கொடுக்கும் தொண்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் மாற்றியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இயந்திரத்தின் அடியில் ஒட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் போன பிறகு அதைப் பாவிக்கிறவர் எழுபது வயது ஆசிரியராகவோ பதினொரு வயதுப் பிள்ளையாகவோ இருக்கலாம். பிழை தங்களிடம் என்று அவர்கள் எண்ணக்கூடாது.

எங்கள் சனசமூக நிலையத்தில், இங்கே வந்துபோன கீபோர்ட், மவுஸ், ஸ்கானர், வெப்கேம் ஒவ்வொன்றினதும் எண்ணையும், உறங்கி ஒழுங்காக எழும்பியதா இல்லையா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். வேண்டியவர்கள் பின்னேரங்களில் வந்து பார்த்துப் படி எடுத்துக்கொள்ளலாம். தங்களிடம் இருக்கும் கருவிகளின் விபரத்தைக் கொண்டுவந்து அதில் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொக்குவில்.